பாண்ட் இன்லெட்டில் தாத்தா பாட்டி வீடு: பிள்ளையைக் கோடை விடுமுறைக்கு ஆர்க்டிக் ஊருக்கு அனுப்ப முழுமையான வழிகாட்டி

கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில், பாஃபின் தீவின் வடமுனையில் இருக்கிறது பாண்ட் இன்லெட். ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் அதை மிட்டிமாடலிக் என்பார்கள். ஏறத்தாழ 1,600 பேர் வாழும் ஊர். 72 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டி இருப்பதால் மே தொடக்கம் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை அங்கே சூரியன் மறைவதில்லை. மரம் கிடையாது. வெளியூருக்குச் சாலை கிடையாது. நுனாவுட்டின் 25 ஊர்களுக்கும் இதே நிலைதான்; ஓர் ஊரிலிருந்து இன்னொன்றுக்கு விமானம், படகு, இல்லையென்றால் கடற்பனி மேல் ஸ்கிடூ என்னும் பனி மோட்டார் வண்டி.

வேலை, படிப்பு, மருத்துவம் என்று தெற்கே வந்து ஒட்டாவாவில் குடியேறிய இனுயிட் குடும்பங்கள் நிறைய. அங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குத் தாத்தா பாட்டியிடம் போவது வழக்கம். பெற்றோரில் ஒருவர் அந்த ஊர்க்காரர், மற்றவர் தெற்கத்தியர் என்ற குடும்பங்களும் உண்டு. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒரு பிள்ளையை அப்படி அனுப்பும்போது எதை எப்போது செய்ய வேண்டும், எது எங்கே தவறிப்போகும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். மற்ற ஆர்க்டிக் ஊர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கடற்பனி உடையும் காலம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: மூன்று வாரத்துக்குக் குறைவாக அனுப்பாதீர்கள். மூடுபனியால் விமானம் தள்ளிப்போவதில் ஒன்றிரண்டு நாள் போகும். இரவு இல்லாத ஊரில் தூக்கம் சீராக நான்கைந்து நாள் ஆகும். காற்று அடங்கி, கடல் அமைதியாகி, தாத்தா படகை இறக்கும் நாள் எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பத்து நாள் பயணத்தில் அந்த நாள் வராமலே போகலாம். பணம் செலவழித்து அனுப்பியும், பிள்ளை நாலு சுவருக்குள் டிவி பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களில் பெரும்பாலும் தவறியது இந்த நாள் கணக்குதான்.

எந்த மாதம்

ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பள்ளி ஜூன் கடைசியில் முடிகிறது. அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பாண்ட் இன்லெட்டில் மூன்று வேறு பருவங்கள் வந்து போகும்.

ஜூலை முதல் பாதியில் ஊருக்கு முன்னால் இருக்கும் எக்லிப்ஸ் சவுண்ட் பெரும்பாலும் இன்னும் உறைந்தே கிடக்கும். ஸ்கிடூவுக்குப் பின்னால் கமுட்டிக் என்னும் நீளமான சறுக்கு வண்டியைக் கட்டி அதில் குடும்பமே போகும். ஆனால் பனிமேல் உருகுநீர் தேங்கியிருக்கும், விரிசல்கள் நாளுக்கு நாள் அகலும். அனுபவமுள்ள தாத்தாவுக்கு இது புதிதல்ல. முதல் முறை வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற பருவம் இதுவல்ல என்பது எங்கள் கருத்து.

ஜூலை பிற்பகுதியில் பனி உடையும். ஸ்கிடூவும் ஓடாது, படகும் ஓடாது. ஊரே கரையில் நின்று காத்திருக்கும் சில நாட்கள் அவை.

பிறகு வருவது படகுக் காலம். நார்வால் திமிங்கிலங்கள் உள்வருகின்றன. கடலுக்குப் போன, சால்மன் குடும்பத்துச் சார் மீன்கள் ஆகஸ்டில் ஆறுகளுக்குத் திரும்புகின்றன. ஆகஸ்ட் நடுவிலிருந்து தரையோடு படர்ந்த செடிகளில் பௌர்ங்காயிட் என்னும் கருநிறக் காட்டுப்பழம் பழுக்கிறது. முதல் பயணத்துக்கு ஜூலை 20 வாக்கில் போய் ஆகஸ்ட் 20 வாக்கில் திரும்புவது நல்லது. பனி உடையும் வெற்று நாட்களில் பிள்ளை வீட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பழகிவிடும்; படகு இறங்கும்போது தயாராக இருக்கும்.

ஏப்ரல், மே: தாளும் டிக்கெட்டும்

ஒட்டாவாவிலிருந்து நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட்டுக்கு ஜெட் விமானத்தில் சுமார் மூன்று மணி நேரம். அங்கே இறங்கி, உந்துவிசிறி உள்ள சிறிய விமானத்துக்கு மாறி மேலும் வடக்கே 1,000 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சில நாள் அது வழியில் கிளைட் ரிவரில் இறங்கி ஏறும். இந்த வழித்தடத்தில் பறப்பது கனேடியன் நார்த் நிறுவனம். போய்வரச் சில ஆயிரம் டாலர் ஆகும். இனுயிட் மக்களின் நில உரிமைக்கான நுனாவுட் ஒப்பந்தத்தின் கீழ் பதிவு பெற்ற இனுயிட் பயனாளிகளுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. பிள்ளையின் பெயரும் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அட்டை எண் கையில் இருக்க வேண்டும். பல பெற்றோர் தங்கள் அட்டையை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பதிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் ஏப்ரலிலேயே விண்ணப்பியுங்கள்.

பிள்ளை தனியாகப் பறப்பதானால் இணையத்தில் டிக்கெட் எடுக்காமல் தொலைபேசியில் பேசி எடுங்கள். மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: எந்த வயதிலிருந்து துணையின்றி ஏற்றிக்கொள்வீர்கள், நடுவில் விமானம் மாறும் பயணத்தில் அந்தச் சேவை உண்டா, விமானம் ரத்தானால் இக்காலுயிட்டில் இரவு பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும். மூன்றாவது கேள்விக்கான பதிலை நடைமுறையில் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். இக்காலுயிட்டில் ஓர் உறவினரோ குடும்ப நண்பரோ நடுராத்திரியிலும் விமான நிலையம் வந்து பிள்ளையை அழைத்துப் போகச் சம்மதித்திருக்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் டிக்கெட் பதிவிலும் பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் முதல் முறை ஒரு பெரியவர் கூடவே போவதே சரி. ஊர்க்காரர்கள் மருத்துவத்துக்கு ஒட்டாவா வந்து திரும்புவது அடிக்கடி நடப்பது. அதே விமானத்தில் அத்தையோ பெரியப்பாவோ இருக்கிறார்களா என்று பாட்டியிடம் கேட்டுப் பார்த்துத் தேதி குறிப்பவர்கள் அதிகம். பல சமயம் இதுதான் எல்லாவற்றிலும் எளிய வழி.

திரும்பும் தேதியை மாற்ற முடிகிற டிக்கெட் எடுங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் வந்து சேரும்படி போடாதீர்கள். குறைந்தது ஐந்து நாள் இடைவெளி வேண்டும். கோடையில் கடலிலிருந்து எழும் மூடுபனி சரளைக்கல் ஓடுதளத்தை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூடிவிடும்.

தாள்களில் முக்கியமானது சம்மதக் கடிதம். உள்நாட்டுப் பயணம் என்பதால் எல்லையில் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைக்குக் கை முறிந்து நர்ஸ் சிகிச்சை தொடங்கும்போதோ, இக்காலுயிட்டுக்கு அனுப்ப வேண்டி வரும்போதோ, யார் சம்மதம் தருவது என்ற கேள்வி வரும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு, சத்தியப்பிரமாண அதிகாரி முன் உறுதி செய்த கடிதத்தில் இவை இருக்கட்டும்: பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, தாத்தா பாட்டி பெயர், தங்கும் காலம், அவசர சிகிச்சைக்கும் விமானத்தில் மாற்றுவதற்கும் அவர்கள் சம்மதம் தரலாம் என்ற வரி, ஒவ்வாமைகள், உங்கள் இரண்டு தொலைபேசி எண்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பையில், ஒன்று பாட்டியிடம், ஒன்று ஹெல்த் சென்டரில்.

ஒன்டாரியோவின் சுகாதார அட்டை மருத்துவர் கட்டணத்துக்கு மற்ற பிரதேசங்களிலும் செல்லும். நோயாளியை ஏற்றிவரும் விமானச் செலவு வேறு விஷயம். பதிவுபெற்ற இனுயிட் பிள்ளைக்குக் கூட்டரசின் கூடுதல் சுகாதார நலத் திட்டம் அதைத் தாங்கக்கூடும். பிள்ளைக்கு அந்தத் திட்டத்தின் எண் இருக்கிறதா என்று கிளம்புமுன் உறுதி செய்யுங்கள். பதிவு இல்லாத பிள்ளையானால் பயணக் காப்பீடு எடுக்காமல் அனுப்பக் கூடாது.

ஜூன்: பல், மருந்து, பை

பாண்ட் இன்லெட்டில் மருத்துவமனை இல்லை. நர்ஸ்கள் நடத்தும் ஹெல்த் சென்டர் இருக்கிறது. மருத்துவரும் பல் மருத்துவரும் அவ்வப்போது வந்து போவார்கள். ஆகவே ஜூனிலேயே பல் பரிசோதனை. ஆடும் பிரேசஸ் கம்பி, அரைகுறையாக அடைத்த பல் எதுவும் இருக்கக் கூடாது. தினசரி மருந்து இருந்தால் தங்கும் நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்குச் சேர்த்துக் கொடுங்கள். கடும் ஒவ்வாமைக்கான எபிபென் ஊசி தேவைப்படும் பிள்ளைக்கு இரண்டு. கண்ணாடி போடும் பிள்ளைக்கு மாற்றுக் கண்ணாடி ஒன்று. தடுப்பூசிக் குறிப்பின் பிரதியும் போகட்டும்.

ஜூலையில் பகல் வெப்பம் 10 டிகிரியைத் தொட்டால் அங்கே அது நல்ல நாள். படகில் காற்று முகத்தில் அடிக்கும்போது ஜூலையிலேயே குளிர்கால உடுப்பு தேவைப்படும். கொடுத்து அனுப்ப வேண்டியவை:

காற்றுப் புகாத, தொப்பி வைத்த மேல்கோட்டு ஒன்று. உள்ளே போட ஃப்ளீஸ் இரண்டு. உடம்போடு ஒட்டும் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளுடை மூன்று ஜோடி. நீர் புகாத கால்சட்டை ஒன்று. கம்பளிக் காலுறை ஆறு ஜோடி. கையுறை மூன்று ஜோடி, ஏனென்றால் ஒன்று தொலையும், ஒன்று நனையும். மெல்லிய கம்பளித் தொப்பி இரண்டு. முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ், உள்ளே கழற்றிப் போடும் கம்பளி உறையோடு, ஒரு அளவு பெரிதாக. கால் இறுகினால் ரத்தம் ஓடாது. எவ்வளவு தடித்த காலுறை போட்டாலும் விரல் மரத்துப்போகும். பருத்தி ஜீன்ஸும் பருத்திக் காலுறையும் வீட்டுக்குள் மட்டும். நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

பக்கமும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியும் நீரும் வெளிச்சத்தைக் கீழிருந்து மேலே அடிக்கும். ஒரு நாள் முழுக்கக் கண்ணாடி இல்லாமல் பனிமேல் இருந்த பிள்ளைக்கு அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிச்சல் தொடங்கும். சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடத் தடவக் கற்றுக்கொடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை ஒட்டாவாவிலேயே வாங்குங்கள். ஊரில் கிடைத்தாலும் பிள்ளையின் அளவில் கிடைக்குமென்று சொல்ல முடியாது. வயதைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்க வேண்டும்: சுமார் 14 முதல் 27 கிலோ வரை சிறுவர் அளவு, 27 முதல் 41 கிலோ வரை இளையோர் அளவு. மேல்கோட்டுக்கு மேலே போட்டு, எல்லாக் கொக்கியும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது. சிறு பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே மாட்டும் பட்டை வைத்ததையே வாங்குங்கள்.

தலைக்கவசமும் அனுப்புங்கள். ஊரில் எல்லோரும் நாற்சக்கர மோட்டார் வண்டியில்தான் போவார்கள். எந்த நிறுவனம் செய்த வண்டியானாலும் அதற்கு ஹோண்டா என்றே பெயர். பின்னால் ஏறிப் போகும் பிள்ளைக்குக் கவசம் வேண்டும் என்பதைப் பாட்டியிடம் நீங்களே முன்கூட்டிப் பேசிவிடுங்கள். பிள்ளை வாயால் சொல்ல வைத்தால் சங்கடம்.

கைப்பையில் இரண்டு நாள் துணி, மருந்து முழுவதும், தாள்கள். சரக்குக்கு இடமில்லாத நாளில் பெட்டி அடுத்த விமானத்துக்குத் தள்ளப்படுவது வடக்கே அடிக்கடி நடப்பது. மீதி எடையில் பாட்டிக்குப் பழம் அனுப்புங்கள். திராட்சை, மாம்பழம், நல்ல தக்காளி எதுவானாலும் அங்கே கடை விலையைப் பார்த்தால் மனம் பதறும். அரசின் மானியம் இருந்தும் நிலைமை அதுதான். கடைகளுக்கு மொத்தச் சரக்கு கப்பலில் வருவது பனி உடைந்த பிறகு, கோடை மாதங்களில் மட்டும். புதுக் காய்கறி எல்லாம் விமானத்தில் வரவேண்டும்.

வீடும் தூக்கமும்

முன்பே பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி: பிள்ளை எங்கே படுக்கும்? நுனாவுட்டில் வீடுகள் போதாது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருப்பது சாதாரணம். சோபாவோ தரை மெத்தையோ என்றால் ஒரு தூக்கப் பையும் சிறு தலையணையும் அனுப்பிவிடுங்கள்.

தண்ணீர் குழாயில் வருவதில்லை. லாரி வந்து வீட்டுத் தொட்டியை நிரப்பும், இன்னொரு லாரி கழிவுநீரை எடுத்துப் போகும். புயலிலோ விடுமுறையிலோ லாரி வராவிட்டால் வீட்டில் தண்ணீர் இல்லை. இருபது நிமிடம் ஷவரில் நிற்கிற பழக்கத்தை ஒட்டாவாவிலேயே விடச் சொல்லுங்கள்.

தூக்கந்தான் முதல் வாரத்தின் பெரிய சிக்கல். இரவு பன்னிரண்டு மணிக்கு வெயில் அடிக்கும், தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடும். ஊர்ப் பிள்ளைகள் கோடையில் கண்ட நேரத்தில் தூங்கி எழுவார்கள். அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. படுக்கும் அறை ஜன்னலில் அலுமினியத் தாளை ஈரத்துணியால் தேய்த்து ஒட்டினால் இருட்டாகும். பல வீடுகளில் அது ஏற்கெனவே ஒட்டியிருக்கும். கண்ணை மூடும் துணிப்பட்டை ஒன்றும் கொடுத்து அனுப்பலாம். நான்கு நாளில் பிள்ளை தானாக ஒரு தாளத்துக்கு வரும். அதற்குள் தொலைபேசியில் அழுதால் பதற வேண்டாம். தூக்கம் கெட்ட பிள்ளைதான் அதிகம் அழும். தினமும் ஒரே நேரத்தில் அழைப்பது என்று வைத்தால் அந்த நேரத்துக்காகப் பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வாரம் இருமுறை, அவர்களுக்கு வசதியானபோது பேசுங்கள். இணையமும் தொலைபேசியும் சாட்டிலைட் வழியே வருவதால் விட்டு விட்டுக் கேட்கும். ஊருக்கு வெளியே முகாமுக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை.

வீட்டு முறை

முன்சொல்லி அனுப்பினால் பிள்ளைக்கு மிகவும் உதவும் விஷயங்கள் சில. புருவத்தை உயர்த்தினால் ஆம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. பாட்டி பதில் சொல்லவில்லையே என்று மூன்று முறை கேட்கும் பிள்ளை, அவர் முதல் முறையே புருவத்தால் சொல்லிவிட்டதைக் கவனித்திருக்காது. உறவினர் வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டுவதில்லை. திறந்து உள்ளே போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

தாத்தா அட்டாட்டாட்சியாக், பாட்டி அனானாட்சியாக். ஆனால் அவர்கள் பிள்ளையைப் பேரன், பேத்தி என்றே அழைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். இறந்தவர் ஒருவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்கும்போது அவருடைய உறவுமுறையும் சேர்ந்தே வரும். பாட்டியின் இறந்த அண்ணன் பெயரைத் தாங்கிய ஏழு வயதுப் பையனைப் பாட்டி அண்ணன் என்றே கூப்பிடுவார். அந்த அண்ணனுக்குப் பிடித்த உணவைத் தேடிக் கொடுப்பார். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார். பிள்ளை யார் பெயரைத் தாங்குகிறது, அவர் யாருக்கு என்ன உறவு என்று கிளம்புமுன் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஊரில் பாதிப் பேர் பிள்ளையை அந்த உறவின் வழியேதான் அறிந்துகொள்வார்கள்.

கற்பிக்கும் முறையும் வேறு. தாத்தா விளக்கிச் சொல்ல மாட்டார். செய்வார், பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஏன், எதற்கு என்று அடுக்கடுக்காகக் கேட்பது அங்கே அவசரக் குணமாகப் படும். பார், பிறகு செய், தவறினால் மறுபடி பார் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். இனுக்டிடுட் மொழி தெரியாவிட்டாலும் இந்த முறையில் நிறையக் கற்றுக்கொள்ளும்.

சாப்பாடு

நாட்டு உணவு என்று அங்கே சொல்வது சீல், சார் மீன், நார்வால், காட்டுவாத்து, கிடைக்கும்போது காரிபு மான். பாஃபின் தீவில் காரிபு எண்ணிக்கை மிகவும் குறைந்ததால் 2015 முதல் வேட்டைக்குக் கடும் வரம்பு இருக்கிறது. கிடைக்காவிட்டால் பிள்ளை ஏமாற வேண்டாம். தரையில் அட்டை விரித்து உறைந்த பச்சை இறைச்சியையோ மீனையோ நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சீவிச் சாப்பிடுவார்கள். பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை. முகம் சுளிப்பதும் மூக்கைப் பொத்துவதும் மட்டும் கூடாது.

மக்டாக் என்பது நார்வாலின் தோலும் அதை ஒட்டிய கொழுப்பும். பழமும் காய்கறியும் விளையாத நாட்டில் அந்தத் தோலிலிருந்துதான் வைட்டமின் சி கிடைத்தது. தோல் ரப்பர் போல் இழுக்கும். சிறு பிள்ளைக்குக் கொடுக்கும்போது அரை அங்குலத் துண்டாக்கி, தோல் பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கொடுக்க வேண்டும். கீறாத பெரிய துண்டு தொண்டையில் சிக்கும். சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடும் பிள்ளைகள் அதிகம்.

பாட்டியுடன் சேர்ந்து பிள்ளை முழுதாகச் செய்யக்கூடிய முதல் வேலை பிப்சி போடுவது. நம் கருவாடு போலத்தான், ஆனால் உப்பே கிடையாது. காற்றும் குளிரும் உப்பின் வேலையைச் செய்கின்றன. சார் மீனின் தலையை எடுத்து, முதுகெலும்பின் இரு பக்கமும் வால் வரை அறுத்து, எலும்பை நீக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாலில் ஒட்டியே இருக்கும். பிறகு சதைப் பக்கத்தில் விரல் அகல இடைவெளியில் குறுக்கே கீற வேண்டும், தோல் வரை. தோல் அறுபடக் கூடாது. வாலை நடுவாகப் போட்டு, சதை வெளியே தெரியும்படி கயிற்றில் தொங்கவிட்டால் காற்றுள்ள நாட்களில் இரண்டு முதல் நான்கு நாளில் வெளிப்புறம் காய்ந்து உள்ளே மிருதுவாக இருக்கும். கெட்டுப்போகும் இடங்கள் மூன்று: கீறல் ஆழம் போதாமல் உள்ளே ஈரம் தங்குவது, மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தொங்குவது, காற்றில்லாத வெயில் நாளில் ஈ முட்டையிடுவது. காற்று இல்லாத நாளில் பாட்டி மீன் போட மாட்டார். அறுக்கும் கத்தி ஊலு, பிறை வடிவ அலகுக்கு நடுவே கைப்பிடி. அழுத்தாமல் அலகை உருட்டி அறுக்க வேண்டும். அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் இடக்கை விரலில்தான் போய் நிற்கும்.

பாலௌகாக் ரொட்டியும் பிள்ளை செய்யலாம். மைதா 4 கப், பேக்கிங் பவுடர் 4 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், கொழுப்பு அரைக் கப் சேர்த்துப் பிசிறி, சுமார் ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குறைவாகப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசைந்தால் கல்லாகிவிடும். ஒரு அங்குலக் கனத்தில் வாணலியில் மிதமான சூட்டில் இரு பக்கமும் வேகவிட வேண்டும்.

விலக்க வேண்டியவை: வெள்ளைக் கரடியின் ஈரல், எக்காரணத்தாலும் கூடாது, அதில் இருக்கும் வைட்டமின் ஏ நஞ்சாகும் அளவு. கரடி, வால்ரஸ் இறைச்சி நன்றாக வெந்திருக்க வேண்டும், டிரிக்கினெல்லா என்னும் புழு இருக்கலாம். புளிக்க வைத்த இறைச்சி பழகியவர்களுக்கு விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வெதுவெதுப்பில் புளித்திருந்தால் பாட்யூலிசம் என்னும் கொடிய உணவு நச்சு வரும் அபாயம் பெரியவர்களுக்கும் உண்டு. விருந்துக்கு வந்த பிள்ளைக்கு அது வேண்டாம்.

முகாமும் கடலும்

பயணத்தின் உயிர் இதுதான். ஊரிலிருந்து படகில் சில மணி நேரம் போய், ஆற்று வாயில் வெள்ளைக் கித்தான் கூடாரம் அடித்து, ஒரு வாரமோ பத்து நாளோ தங்குவார்கள். மீன் வலை, தேநீர், பழம் பறிப்பு, நீண்ட பகல். எதிரே பைலாட் தீவின் மலைகளும் பனியாறுகளும் நாள் முழுக்கத் தெரியும்.

கடல் நீர் கோடையிலும் உறைநிலைக்குச் சில டிகிரிதான் மேலே. மனிடோபா பல்கலைக்கழகத்தின் குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்: 1, 10, 1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு தன் வசம் இருக்காது, அப்போது நீந்த முயலாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் பயன்படும், அதற்குள் படகைப் பிடிக்க வேண்டும். உடம்பு குளிர்ந்து நினைவு போக ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். இந்த ஒரு மணி நேரமும் லைஃப் ஜாக்கெட் போட்டவருக்கு மட்டும். இல்லாதவர் முதல் நிமிடத்திலேயே முழுகிவிடலாம். வடக்கே பெரியவர்கள் பலர் ஜாக்கெட் போடுவதில்லை. பிள்ளை போட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கரையில் மாட்டி, கரைக்குத் திரும்பிய பிறகே கழற்ற வேண்டும்.

முகாமில் பிள்ளைக்கு மூன்று எல்லைகள். கூடாரத்தை விட்டுத் தனியாகப் போகக் கூடாது, சிறுநீர் கழிக்கவும் ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். காரணம் நானுக், வெள்ளைக் கரடி. கரடியைக் கண்டால் ஓடாமல், பார்வையை எடுக்காமல், பெரியவர்கள் இருக்கும் பக்கம் பின்னோக்கி நகர வேண்டும். துப்பாக்கியை யார் சொன்னாலும் தாத்தா அனுமதியின்றித் தொடக் கூடாது. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தலைவலியும் குமட்டலும்தான் அடையாளம். மேல் துளையும் கதவின் கீழ் ஓரமும் திறந்திருக்க வேண்டும்.

குடும்பம் கிளம்புமுன் எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று ஊரில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறதா என்று கேளுங்கள். அவசர அழைப்பு அனுப்பும் சாட்டிலைட் கருவிகளை ஹாம்லெட் என்னும் ஊராட்சி அலுவலகங்கள் இரவல் தருவதுண்டு. ஜூலைத் தொடக்கத்தில் பனிமேல் போவதானால் ஸ்மார்ட் ஐஸ் குழுவினர் கருவி இழுத்துச் சென்று அளந்த பனிக் கனமும், சிக்கு (SIKU) என்னும் கைபேசிச் செயலியில் வேட்டைக்காரர்கள் இடும் குறிப்புகளும் இருக்கின்றன. இறுதி முடிவு தாத்தாவுடையது. அவர் போக வேண்டாம் என்றால் போகவில்லை; ஒட்டாவாவிலிருந்து நீங்கள் ‘இன்னுமா கிளம்பவில்லை’ என்று கேட்டு அவரை அவசரப்படுத்தவே கூடாது.

ஊருக்குள் கரடியைவிட நாய்தான் பிள்ளைக்கு அன்றாட ஆபத்து. கட்டிவைத்த வண்டி நாய்கள் வளர்ப்பு நாய்கள் அல்ல. சங்கிலி வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஆர்க்டிக் நரியிடம் ரேபிஸ் என்னும் வெறிநோய் உண்டு, நாய்க்கும் தொற்றும். கடித்தால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி நேரே ஹெல்த் சென்டருக்குப் போக வேண்டும்.

உடம்புக்கு வந்தால்

நர்ஸ் முதலில் பார்ப்பார். அவரால் முடியாததற்கு விமானத்தில் இக்காலுயிட்டின் கிகிக்டானி பொது மருத்துவமனை, அதற்கும் மேல் ஒட்டாவாவின் குழந்தைகள் மருத்துவமனை. மூடுபனி நாளில் அந்த விமானமும் இறங்காது. ஆகையால் கடும் ஆஸ்துமாவோ, கட்டுக்குள் வராத வலிப்போ உள்ள பிள்ளையை அனுப்பும் முன் குழந்தை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

காசநோய் வடக்கே இன்னும் இருக்கிறது. 2023-இல் பாண்ட் இன்லெட்டிலேயே தொற்றுப்பரவல் அறிவிக்கப்பட்டது. சிகிச்சை உண்டு, பயந்து பயணத்தை நிறுத்தத் தேவையில்லை. பிள்ளை திரும்பிய பின் மூன்று வாரத்துக்கு மேல் இருமல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் எங்கே போய் வந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். தெற்கத்திய மருத்துவருக்கு அது தானாகத் தோன்றாது.

திரும்பும்போது

பாட்டி உறைந்த சார் மீனைப் பெட்டியில் வைத்துத் தராமல் விடமாட்டார். முழு மீனாக, பிளாஸ்டிக்கில் சுற்றி, அட்டைப்பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, ஓரம் முழுக்க டேப் ஒட்டி, நான்கு பக்கமும் பெயரும் எண்ணும் எழுத வேண்டும். இடைவெளி இருந்தால் சீக்கிரம் உருகும். பெட்டியின் எடையை முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். மக்டாக், சீல் தோல், நார்வால் தந்தம் என்றால் பிரதேசத்தை விட்டு எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கலாம். ஊரிலுள்ள வேட்டைக்காரர் சங்கத்தில் ஒரு வாரம் முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். அவற்றை அமெரிக்க எல்லையைத் தாண்டிக் கொண்டுபோக நினைக்கவே வேண்டாம். ஊலு கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். அட்டையில் பொதிந்து, சரக்கில் போடும் பெட்டியின் நடுவே, துணிகளுக்குள் வையுங்கள்.